முதல் சுரத்துக்கு முன்னால்

அப்துல் பாரி புதிதாக ஒரு ஜப்பான் செட் வாங்கியிருந்தார். அதைச் சோதித்துப் பார்க்கத் தனிப் பியானோ வேண்டும், பாட்டு கூடாது, தாளம் கூடாது, இருப்பதிலேயே சத்தம் சுத்தமானது எது என்று கேட்டுக்கொண்டு லத்தா பேட்டையில் என் கேசட் கடையில் கால்மணி நேரமாக நின்றார். இந்தக் கேள்வியை யாராவது கேட்டுவிட்டால் எனக்குத் தலைகால் புரியாது. நாலைந்து கேசட்டை எடுத்து வரிசையாகப் போட்டுக் காட்டினேன். ஒன்றில் வாசிப்பு அபாரம், ஆனால் பின்னால் மின்விசிறி ஓடுகிறது. இன்னொன்று வெளிநாட்டுச் சரக்கு, பத்துக் கை மாறி வந்ததில் மேல் ஸ்தாயி மழுங்கிப்போயிற்று. மூன்றாவதில் மைக்கைப் பியானோவின் வாய்க்குள்ளேயே திணித்திருக்கிறார்கள், அரிசி இடிக்கிற மாதிரி இருக்கும். கடைசியில், எப்போதும் போல, கோ லாமின் வாசித்த கேசட்டை எடுத்துக் கொடுத்தேன்.

"இதக் கண்ண மூடிக்கிட்டு வாங்கிட்டுப் போங்க பாய். பெடல்லேருந்து கால எடுக்குறதுகூடக் கேக்கும்."

அவர் போன பிறகு, அதுவரை வாசலில் நின்றிருந்த ஒரு பெண் உள்ளே வந்தாள். பின்னாலேயே, கன்னத்தில் தனக்காப் பட்டையை அரைத்துப் பூசிய பத்து வயதுச் சிறுமி. பவானி என்று அடையாளம் தெரிந்தது. அழகுவின் மனைவி. பதினோரு வருடம் கழித்து வருகிறாள்.

கேசட் அட்டையில் கோ லாமின் என்று இருப்பவன்தான் அழகு. ரயில்வே குடியிருப்பில் வளர்ந்த தமிழன். எங்களில் பாதிப் பேருக்கு வீட்டில் ஒரு பெயர், வெளியே ஒரு பர்மியப் பெயர். தனசேகரனாகிய நானே கடைப் பலகையில் கோ தான் ஸோ. அழகு பர்மியப் பாட்டுகளைப் பியானோவில் இரண்டு கையும் மாறி மாறிப் பேசிக்கொள்கிற மாதிரி வாசிப்பான். எண்பத்தெட்டு மே மாத விடுமுறையில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தைக் கேட்டு வாங்கி, ஜன்னலெல்லாம் கம்பளி தொங்கவிட்டு, நான்தான் பதிவு செய்தேன். பவானிக்கு அப்போது நாலாம் மாதம். ஆகஸ்டில், ஆட்சியை எதிர்த்துத் தெருவெல்லாம் ஊர்வலமும் துப்பாக்கிச் சூடுமாக இருந்த ஒரு பகலில், அரிசி வாங்கி வருகிறேன் என்று போனவன் திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை. அவள் த்வாண்டே ஊரில் அண்ணன் வீட்டோடு போய்விட்டாள்.

"இவ இந்துமதி" என்றாள் பவானி. "அப்பா குரல் எப்பிடி இருக்கும்னு கேட்டுக்கிட்டே இருக்கா. அன்னிக்கு வாசிக்க ஒக்காந்ததும் எங்கிட்ட ஒண்ணு சொன்னாருல்ல? மிசின் ஓடிக்கிட்டு இருந்துச்சு. நீங்க விக்கிறதுல அது இல்லண்ணே. மொத டேப்புல இருக்கும்ல?"

இருந்தது. பர்மியப் பெயர் போட்ட கேசட் தமிழில் ஆரம்பித்தால் எவன் வாங்குவான் என்று நான்தான் அதை விட்டுவிட்டு, முதல் சுரத்திலிருந்து பிரதி எடுத்தேன். "இருக்கட்டும்டா, என்ன இப்ப" என்று அழகு சிரித்தான். அவன் பேச்சை நான் கேட்கவில்லை. நல்ல டேப் கிடைக்காத காலம். பிரதி எடுத்ததும் மூலத்தின் மேலேயே அடுத்ததைப் பதிவு செய்வது எங்கள் கடை வழக்கம். ஒரு கல்யாண வீட்டு மேளத்தை அதன் மேல் ஏற்றினேன். அன்றிலிருந்து கோ லாமின் கேசட்டை எப்போது போட்டாலும், முதல் சுரத்துக்கு முன்னால் வெறும் டேப் ஓடுகிற மூன்று விநாடியில் அழகு பேசுகிறான். எனக்கு மட்டும் கேட்கிறது. சத்தியமாகச் சொல்கிறேன், அதற்குப் பயந்தே அதைக் கடையில் போட்டுக் காட்டுவதில்லை, வாயால் புகழ்ந்தே விற்றுவிடுகிறேன்.

"தேடிப் பாக்கணும்" என்றேன். அதற்குள் அந்தச் சிறுமி அலமாரியின் மேல்தட்டிலிருந்து ஒவ்வொன்றாகப் படிக்கத் தொடங்கிவிட்டாள். எனக்கு நாக்கு கூசியது.

"இல்ல பவானி. தேட ஒண்ணுமில்ல. நாந்தான் அழிச்சேன்."

அவள் கத்துவாள் என்று நினைத்தேன். ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

"அழிக்குமுன்ன எத்தன தடவ கேட்டிருப்பீங்க?"

"எங்க வெட்டுறதுன்னு பாக்கத் திருப்பித் திருப்பிப் போட்டேன். நாப்பது, அம்பது தடவ இருக்கும்."

"அப்ப நீங்க சொல்லுங்க. அவரு சொன்ன மாதிரியே. எனக்கு வார்த்த நெனவிருக்குண்ணே. கொரல்தான் போயிருச்சு."

சிறுமி அலமாரியை விட்டுவிட்டு என் முன்னால் வந்து நின்றாள். "சொல்லுங்க, ஊலே" என்றாள், பர்மியர்கள் சித்தப்பாவைக் கூப்பிடுவது போல. தெருவில் மாம்பழக்காரி கூவிக்கொண்டிருந்தாள். நான் கண்ணை மூடினேன். தேட வேண்டியிருக்கவில்லை, அவன் தயாராகவே இருந்தான். தொண்டையை இறக்கி, சிரிப்பைப் பாதியில் அடக்கி, கடைசி எழுத்தைக் கொஞ்சம் இழுத்து அவன் சொன்னதைச் சொன்னேன்.

"பவானி, கதவச் சாத்தேன்."

கண்ணைத் திறந்தபோது ஸ்டூலில் அவள் இல்லை. எழுந்து போய்க் கடைக் கதவை இழுத்துச் சாத்திக்கொண்டிருந்தாள். மாம்பழக்காரியின் குரல் அடங்கியது. பவானி தாழ்ப்பாளில் கை வைத்தபடி, எங்கள் பக்கம் திரும்பாமல், அன்று பதிவு ஓடும்போது நின்ற மாதிரியே மூச்சுச் சத்தம்கூட வராமல் நின்றாள்.