ஆடி வெள்ளிக் கையெழுத்து

பட்டியலில் பதினேழாவது பெயர் அவளுடையது. கோதைநாயகி, கணவர் பெயர் ராசப்பன், நெடுங்கரை. அதற்கு நேரே கையெழுத்து. கள்ளக் கையெழுத்தாக இருந்தால்கூடப் பரவாயில்லை, சத்தம் போட்டிருக்கலாம். அது அவளுடைய கையெழுத்தேதான்.

கோட்டாட்சியர் ஆபீஸிலிருந்து வந்த காகிதக் கட்டை டீக்கடை பெஞ்சில் விரித்து, படுகைப் பாதுகாப்புக் குழுவின் செயலாளர் பிச்சை உரக்கப் படித்தார். "நெடுங்கரை வாய்க்கால் பல ஆண்டுகளாகப் பயன்பாட்டில் இல்லை என்பதால், 'நதியோரம் நகர்' மனைப்பிரிவுக்காக அதை மூடுவதில் எங்களுக்கு எவ்வித ஆட்சேபணையும் இல்லை. இப்படிக்கு, பொதுமக்கள் இருநூற்றுப் பன்னிரண்டு பேர்."

படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "பத்து மாசம் நாயா அலைஞ்சோம். எத்தனை திங்கக்கிழமை, எத்தனை மனு! எல்லாத்தையும் ஒரு தூக்குவாளிக்கு வித்துட்டீங்களேம்மா."

கோதைக்கு உச்சந்தலை வரைக்கும் சுட்டது. "ஆடி வெள்ளியும் அதுவுமா வாசல்ல மஞ்சள் குங்குமத்தோட வந்து நிக்கிறவளை வேண்டாம், போன்னு சொல்லச் சொல்றீங்களா? உங்க வீட்டம்மா எத்தனாவது நம்பர்னு பாருங்களேன்."

பிச்சை தாளைப் புரட்டினார். ஒன்பதாவது. அதற்கப்புறம் அவர் தூக்குவாளியைப் பற்றிப் பேசவில்லை.

கொள்ளிடக் கரையை ஒட்டிய படுகையில் கடைசியாகத் தண்ணீர் பாய்கிற நிலம் கோதையுடையது. இரண்டு ஏக்கர் பூவன் வாழை. மேலே நாற்பது ஏக்கரைப் பத்து மாதத்துக்கு முன் லக்ஷ்மிகாந்த் என்ற பில்டர் வாங்கிக் கல் ஊன்றினார். வாங்கட்டும், அது விற்றவன் பாடு. ஆனால் அந்த நாற்பது ஏக்கரின் நடுவே ஓடுகிற வாய்க்கால் யாரும் விற்றதல்ல, யாரும் வாங்கியதுமல்ல. அதில்தான் ஆனி மாதம் எட்டு லாரி மண்ணைக் கொட்டினார்கள். முக்கொம்பு அணையில் தண்ணீர் திறந்து இருபது நாளாகிவிட்டது. ஸ்ரீரங்கத்துப் படித்துறையில் ஜனங்கள் முங்கி முங்கிக் குளிக்கிறார்கள். அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் கோதையின் வாழை இலைகள் மத்தியானமானால் குடை மடக்கியது போல மடங்கிக்கொள்கின்றன. பக்கத்துக் கொல்லை போர் மோட்டாரில் ராசப்பன் கெஞ்சிக் கூத்தாடி விடுகிற தண்ணீர் நாலு பாத்திக்குக்கூடக் காணாது. இன்னும் பதினைந்து நாள் இப்படியே போனால் குலை தள்ளாது. தள்ளினாலும் சீப்பு தேறாது.

கோட்டாட்சியர் விசாரணை ஆடிக் கடைசி வெள்ளி. அன்றைக்கு இந்தக் கையெழுத்துகள் நின்றுவிட்டால் வாய்க்கால் காகிதத்திலும் செத்துப்போகும்.

கையெழுத்து வாங்கிய விதத்தை நினைக்க நினைக்க அவளுக்கு ஆறவில்லை. ஆடி இரண்டாம் வெள்ளி சாயங்காலம், வாசல் தெளித்துக் கோலம் போட்ட நேரமாகப் பார்த்து வந்தார்கள். பில்டரின் மனைவி மைத்ரேயி பட்டுப்புடவையில், முகமெல்லாம் சிரிப்பாக. பின்னால் இரண்டு பெண்கள் தாம்பாளத்தில் மஞ்சள், குங்குமம், வெற்றிலை பாக்கு, வளையல், ஆளுக்கொரு எவர்சில்வர் தூக்குவாளி. அவர்களுக்குப் பின்னால் மேனேஜர் பிராங்க்ளின், கையில் கிளிப் வைத்த அட்டை.

"அம்மனுக்கு நேர்ந்துக்கிட்டது, எடுத்துக்கோங்கம்மா" என்று மைத்ரேயி தாம்பாளத்தை நீட்டினாள். கோதை குங்குமத்தைத் தொட்டு நெற்றியிலும் தாலியிலும் வைத்துக்கொண்டதும், "எந்த வீடும் விட்டுப்போயிடக் கூடாது பாருங்க, அதான் பேர் எழுதிக்கிறோம்" என்றான் பிராங்க்ளின். அட்டையில் இருந்த தாளின் மேல்பாதி பின்பக்கமாக மடிந்து கிளிப்புக்குள் இருந்தது. கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் நம்பர், பெயர், கோடு. அந்தக் கோட்டில்தான் ஊரே வரிசையாக விழுந்தது.

நாற்பத்து மூன்றாவது பெயர் ஆபிதாவுடையது. பள்ளிவாசல் தெருவில் தையல் மெஷின் போட்டிருப்பவள். கோதை போய்ச் சொன்னதும் மெஷின் சக்கரத்தைக் கையால் பிடித்து நிறுத்தினாள்.

"எனக்குக் குங்குமம் குடுக்கலக்கா. பேரீச்சம்பழ பாக்கெட் குடுத்தாங்க. மரியாதைதான்னு நெனச்சேன். அட்டை மட்டும் அதே அட்டை. அம்மனுக்கு நேந்துக்கிட்டதுல எம் பேரு எதுக்குடான்னு அப்பவே கேட்டிருக்கணும். பழம் நல்லா இருந்துச்சு, வாய் அதுல போயிருச்சு."

கோபத்திலும் கோதைக்குச் சிரிப்பு வந்தது. "ஏமாத்தி வாங்கினாங்கன்னு ஒவ்வொருத்தரும் எழுதிக் குடுத்தாப் போதும்னு பிச்சை அண்ணன் சொல்றாரு."

"எழுத மாட்டாங்கக்கா. பாருங்க."

ஆபிதா சொன்னதுதான் நடந்தது. கோதை நாலு தெரு ஏறி இறங்கினாள். எல்லா வீட்டிலும் பில்டரைத் திட்டினார்கள், பிராங்க்ளினைத் திட்டினார்கள், மோர் கொடுத்தார்கள். பேனாவை நீட்டினால் மட்டும் கை பின்னுக்குப் போனது. "இல்ல கோதை, மஞ்சள் குங்குமம் வாங்கிட்டு, இப்ப அது செல்லாதுன்னு எழுதினா, குங்குமத்தைத் திருப்பிக் குடுத்த மாதிரி ஆயிடாதா? வீட்டுக்காரர் வேற லாரி ஓட்டுறாரு." இதையே வேறு வேறு வார்த்தையில் எத்தனை பேர் சொன்னார்கள்! இருநூற்றுப் பன்னிரண்டில் எழுதியது ஒன்பது பேர். அந்த ஒன்பதில் ஆபிதா ஒருத்தி.

அந்தப் பயம் கோதைக்கும் இல்லாமல் இல்லை. அதனால்தான் ஆத்திரம் இன்னும் அதிகமாக வந்தது. எதைக் கொடுத்தால் இந்த ஊர்ப் பெண்கள் மறுக்க மாட்டார்களோ அதைப் பார்த்து எடுத்துக்கொண்டு வந்திருக்கிறார்கள். பத்து மாதம் மனு எழுதிய குழுவுக்குக்கூடத் தன் ஊர்ப் பெண்களைப் பற்றி இவ்வளவு தெரியாது.

"குங்குமத்தை யாரும் திருப்பிக் குடுக்க வேண்டாம்" என்றாள் ஆபிதாவிடம். "தாம்பூலம் வாங்கினா பதிலுக்கு வச்சுக் குடுக்கறதுதானே முறை? நாம வச்சுக் குடுப்போம்."

"அந்த மைத்ரேயிக்கா?"

"இல்ல. உனக்கு அழகா எழுத வரும்ல? ஒரு தாள் எழுதிக் குடு."

ஆடிக் கடைசி வெள்ளியன்று ஊரிலிருந்து நாற்பது பெண்கள் பஸ் ஏறினார்கள். எழுதத்தான் பயமே தவிர, ஆடி வெள்ளிக்குத் தாம்பூலம் கொடுக்கக் கூப்பிட்டால் வராமல் இருப்பார்களா? ஆபீஸ் வாசலில் பியூன் ஆறு பேரைத்தான் உள்ளே விட்டார். கோட்டாட்சியர் கமலினிக்கு நாற்பது வயதிருக்கும். தலையில் பூ, மேஜையில் மலை போலக் கோப்பு. பிராங்க்ளின் முன்னாடியே வந்து, மடியில் பையோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். பிச்சை மனுவோடு ஓரமாக நின்றார். கோதை செய்யப்போவது அவருக்கும் தெரியாது. தெரிந்திருந்தால் வாசலிலேயே மறித்திருப்பார்.

"மேடம், ஆடி வெள்ளி" என்று கோதை தாம்பாளத்தை நீட்டினாள். மஞ்சள், குங்குமம், வெற்றிலை பாக்கு, ஒரு முழம் பூ. வேறொன்றும் இல்லை.

கமலினி ஒரு கணம் தயங்கினார். "ஆபீஸ்ல இதெல்லாம் வாங்கறதில்லம்மா... சரி, குங்குமம். வேண்டாம்னு சொல்லக் கூடாது." எழுந்து நின்று, செருப்பைக் கழற்றிவிட்டு, குங்குமத்தைத் தொட்டு வைத்துக்கொண்டார்.

ஆபிதா அட்டையை நீட்டினாள். "யாரும் விட்டுப்போயிடக் கூடாதுன்னு பேர் எழுதிக்கிறோம் மேடம்."

பிராங்க்ளின் தலை சட்டென்று நிமிர்ந்தது. அவன் வாயைத் திறப்பதற்குள் கமலினி சிரித்துக்கொண்டே கோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

கோதை கிளிப்பை எடுத்தாள். மடித்திருந்த மேல்பாதியை நிமிர்த்தி, உரக்கப் படித்தாள். "என் வீட்டுக்கு வரும் குடிநீர்க் குழாயை மூடுவதில் எனக்கு எவ்வித ஆட்சேபணையும் இல்லை. இப்படிக்கு..." தாளை மேஜைமேல் வைத்தாள்.

பிச்சை கண்ணை மூடிக்கொண்டார்.

"என்ன விளையாட்டு இது?" கமலினியின் முகம் சிவந்துவிட்டது. "ஒரு அதிகாரிகிட்ட மோசடியாக் கையெழுத்து வாங்கினா என்ன கேஸ் தெரியுமா? இப்பவே போலீஸைக் கூப்பிடட்டுமா?"

"கூப்பிடுங்க மேடம்" என்றாள் கோதை. எங்கிருந்து வந்தது அந்தக் குரல் என்று அவளுக்கே தெரியவில்லை. "இது கேஸுன்னா, இதே மாதிரி இருநூத்திப் பன்னெண்டு கேஸு உங்க மேஜைமேல இருக்கு. உங்ககிட்ட ஒண்ணு வாங்கினதுக்கு உங்களுக்கு இவ்வளவு கோவம் வருது. எங்ககிட்ட வாங்கினதுக்கு ஏன் யாருக்கும் வரல? எங்களை எப்படி ஏமாத்தினாங்கன்னு எழுதத் தெரியல மேடம். எழுதவும் பயமா இருக்கு. அதான் செஞ்சு காட்டினோம்."

"மேடம், இது அப்பட்டமான பொய்" என்று பிராங்க்ளின் எழுந்தான். "படிச்சுப் பார்த்து, இஷ்டப்பட்டுப் போட்டாங்க."

கமலினி தான் கையெழுத்துப் போட்ட தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். பெயருக்குப் பக்கத்தில், அவர் பேனா பிடித்த இடத்தில், சிவப்பாக ஒரு விரல் அடையாளம் ஒட்டியிருந்தது. தன் விரலைத் திருப்பிப் பார்த்தார். பிறகு கோப்பை இழுத்துப் பிரித்தார்.

"எனக்கு நகல்தான் அனுப்பியிருக்கீங்க. ஒரிஜினல் எங்க?"

"ஆபீஸ்ல..."

"அப்ப உங்க பையில இருக்கறது என்ன?"

பிராங்க்ளின் மெல்ல எடுத்துக் கொடுத்தான். கமலினி ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். நகலில் வெறும் கறுப்புக் கறையாகத் தெரிந்ததெல்லாம் ஒரிஜினலில் சிவப்பு. ஒன்பதாவது பெயரின் ஓரத்தில் சிவப்பு. பதினேழில் சிவப்பு. தாளுக்குத் தாள், பெயருக்குப் பெயர், குங்குமம் ஒட்டிய விரல்கள். எல்லாத் தாளிலும் நடுவே ஒரே இடத்தில் மடித்த தடம்.

"வாய்க்காலை மூடச் சம்மதம் எழுதித் தர எல்லாரும் குங்குமம் பூசிக்கிட்டா வந்தாங்க?" என்றார்.

"நாப்பத்து மூணுல மட்டும் இருக்காது மேடம்" என்றாள் ஆபிதா. "பேரீச்சம்பழம் பிசுபிசுன்னு வேணும்னா ஒட்டியிருக்கும்."

கமலினிக்கு உதடு துடித்தது. அடக்கிக்கொண்டார். கோபம் முழுசாகப் போகவில்லை என்பது அவர் எழுதிய வேகத்தில் தெரிந்தது. எழுதி முடித்துப் படித்தார். சம்மதக் கையெழுத்துகள் ஏற்கப்படவில்லை. வருகிற செவ்வாய்க்கிழமை அவரே வந்து வாய்க்காலைப் பார்ப்பார். கொட்டிய மண்ணைக் கம்பெனியே ஏழு நாளுக்குள் அள்ள வேண்டும்.

"மேடம், வேணும்னா முறைப்படி மறுபடியும் கையெழுத்து..." என்று பிராங்க்ளின் ஆரம்பித்தான்.

"முதல்ல மண்ணை எடுங்க" என்றார். பிறகு கோதையைப் பார்த்து, "இன்னொரு தடவை இந்த மாதிரி பண்ணினா நிஜமாவே கேஸ்தான்" என்றார். தன் கையெழுத்துப் போட்ட தாளை நாலாகக் கிழித்துக் கூடையில் போட்டார்.

வெளியே வந்ததும் பிச்சை கும்பிட்டார். யாரைக் கும்பிட்டார் என்று தெரியவில்லை. "ஜெயிச்சாச்சும்மா" என்றார்.

கோதைக்கு அப்படித் தோன்றவில்லை. செவ்வாய்க்கிழமை என்ன எழுதுவார்களோ, பில்டர் இன்னும் எந்தப் படி ஏறுவாரோ. ஏழு நாளாம். மண்ணைக் கொட்ட ஒரு ராத்திரிகூட ஆகவில்லை. அள்ள ஏழு நாளா?

பஸ்ஸை விட்டு இறங்கியவர்கள் யாரும் வீட்டுக்குப் போகவில்லை. வழியில் கிடைத்த மண்வெட்டி, கூடை, அன்னக்கூடை எல்லாம் கைக்கு வந்தன. ராசப்பன் கடப்பாரையைத் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தான். வெளியூருக்குக் கட்டிய புடவைகளை முழங்கால் வரை தூக்கிச் செருகிக்கொண்டு நாற்பது பேரும் வாய்க்காலில் இறங்கினார்கள்.

பிராங்க்ளின் பைக்கில் வந்து மேட்டில் நின்றான். "அம்மா, எங்களுக்கு ஒரு வாரம் டைம் குடுத்திருக்காங்க. நாங்களே அள்ளுவோம். நீங்க கை வைக்கக் கூடாது."

"டைம் உங்களுக்குத்தான்" என்றாள் கோதை. "வாழைக்கு யாரும் டைம் குடுக்கல." ஓங்கி வெட்டிய முதல் கூடை மண்ணை ஆபிதாவின் கையில் கொடுத்தாள்.

"எங்கக்கா கொட்டறது?"

கோதை இடுப்பில் கை வைத்துச் சுற்றிலும் பார்த்தாள். மேட்டில் நதியோரம் நகரின் சைட் ஆபீஸ் இருந்தது. கண்ணாடிக் கதவு, வாசலில் இரண்டு பூந்தொட்டி.

"அந்தக் கதவை ஒட்டிக் கொட்டு" என்றாள். "அவங்க சாமான். அவங்ககிட்டயே இருக்கட்டும்."