நிற்காத வண்டி

நவம்பர் 6, 1973, செவ்வாய். ஒரு பிழை. அப்பா ஓட்டிய ‘எலிசபெதன்’ விரைவு வண்டி வழியில் யார்க்கில் நின்று ஓட்டுநரை மாற்றிக்கொண்டது என்று எழுதியிருந்தேன். நேற்று அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

மாலை வகுப்புக்காக அப்பாவின் கதையை எழுதிவந்த நோட்டை மூடிவிட்டு ரோனா அப்பாவின் உதடுகளை ஈரத்துணியால் நனைத்தாள். நேற்று முகத்தைத் திருப்பியதிலிருந்து அவர் பேசவேயில்லை. சன்னலுக்கு வெளியே கடல்பனியில் எடின்பரோவின் கூரைகள் மெல்லப் பின்னால் நகர்வதுபோல் இருந்தது. அறைதான் ஓடுகிறதோ என்றுகூட அவளுக்குத் தோன்றியது.

அப்பாவின் எஞ்சினில் கரி அள்ளிப்போட்ட டூகி, தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு, அவள் எழுதியதைக் கேட்டுச் சிரித்தார்.

“நின்னுச்சுன்னா எழுதின? நல்லவேளை, உங்கப்பன் எழுந்து அடிக்கிற நிலைமையில இல்ல.”

“அப்புறம் எப்படி மாமா ஆள் மாறுவீங்க?”

“லண்டன் வரைக்கும் ஆறரை மணி நேரம், எங்கயும் நிக்காதும்மா. எஞ்சினுக்குப் பின்னாடி கரிவண்டி, அதுக்குள்ள ஒரு சந்து. பாதி வழியில லண்டன்காரன் குனிஞ்சு, தோளைச் சாய்ச்சுக்கிட்டு வருவான். ‘எடுத்துக்கிட்டேன்’னு அவன் வாயால சொல்லணும். சொல்லாம உங்கப்பன் கைப்பிடியை விடமாட்டான். அப்புறம் நாங்க அதே சந்து வழியா பெட்டிக்குப் போயி டீ குடிப்போம்.”

கட்டிலின் இரும்புக் கம்பியை அப்பாவின் வலது கை இறுகப் பற்றியிருந்தது. காலையிலிருந்தே அப்படித்தான். மூச்சு, மேட்டில் ஏறும் வண்டியைப்போல் இழுத்து இழுத்து வந்தது.

திடீரென்று கண் திறந்தார்.

“வந்துட்டானா?”

டூகி மடியிலிருந்த தொப்பியைக் கையில் எடுத்தார்.

“டூகி, நீ முன்னால போ.”

“சரிடா, ஆர்ச்சி.” டூகி எழுந்தார். தாழ்ந்த கூரைக்குக் கீழே நடப்பவர்போலத் தலையைக் குனிந்துகொண்டு சமையலறைக்குப் போனார்.

அந்தச் சொல் ரோனாவுக்கு இப்போது தெரியும். சொன்னால் அவர் விட்டுவிடுவார். இன்னும் ஒரு நாள், ஒரு மணி நேரம் பிடித்துக்கொண்டிருக்கட்டுமே என்று நின்றாள். கம்பியில் அவர் விரல் முட்டிகள் வெளுத்திருந்தன.

கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவே தோளைச் சாய்த்து நுழைந்தாள். குனிந்தாள்.

“எடுத்துக்கிட்டேன்பா.”

“கேக்கல.”

“நான் எடுத்துக்கிட்டேன்!”

விரல்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்தன. உள்ளே டூகி கோப்பைகளை எடுத்து வைக்கும் சத்தம் கேட்டது. மூன்று.

விளக்கேற்றும் நேரத்தில் நோட்டைத் திறந்து அதே தேதிக்குக் கீழே எழுதினாள்:

நாளை: காலை ஒன்பது மணிக்குப் பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகம். வந்ததும் ‘யார்க்கில் நின்று’ என்பதை அடித்துவிட்டு, ‘நிற்காமல்’ என்று எழுத வேண்டும்.