பத்து எண்ணும் வரை பேசக்கூடாது

மருத்துவக் கல்லூரியில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ‘ஏழாம் நம்பர் அக்கா’ என்றால்தான் வாசல் காவலாளிக்கே தெரியும். நான்காவது மாடியில் ஏழாம் எண் அறையில் உட்கார்ந்து நோயாளியாக நடிப்பது அவள் வேலை. பதினோரு வருடமாக அதே நாற்காலி. இன்று வயிற்றுவலி என்றால் நாளை தலைசுற்றல். மாணவர்கள் ஒவ்வொருவராக வந்து விசாரிப்பார்கள், மூலையில் பேராசிரியர் மார்க் போடுவார். மாதத்தில் நான்கு நாள் அவள் யாரோ ஒருவனுடைய மனைவியாவாள். மாணவன் எதிரே உட்கார்ந்து, “உங்க வீட்டுக்காரர் இறந்துட்டாரும்மா” என்பான். அந்தக் கணக்கில் ஆயிரம் தடவையாவது விதவையாகியிருப்பாள். சாயங்காலம் வீட்டுக்குப் போனால் வீட்டுக்காரர் குத்துக்கல் மாதிரி உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருப்பார்.

“இன்னைக்கு எத்தனை தடவை என்னைப் பொதச்ச?” என்று கேட்பார்.

“மூணு. போதுமா?”

“போதும், போதும். ஆயுசு கெட்டி.”

அவர் லிஃப்ட் மெக்கானிக். ஆனால் லிஃப்டில் ஏற மாட்டார். “உள்ள என்ன இருக்குன்னு தெரிஞ்சவன் எவனாவது ஏறுவானா?” என்பார். பத்து மாடியானாலும் கையில் டார்ச்சோடு, மூச்சு வாங்கிக்கொண்டு படியேறித்தான் போவார். சொன்னால் கேட்கிற ஜென்மமா அது!

அவளுடைய வேலையில் ஒரே ஒரு சட்டம் உண்டு. அறைக்குள் போகும் முன் ஒரு அட்டை எழுத வேண்டும், நோயாளியின் வயது, தொழில், குடும்பம் என்று. எல்லாம் கற்பனையாக இருக்க வேண்டும். சொந்த மனுஷர்களின் விவரத்தை அந்த அட்டையில் எழுதவே கூடாது. ஏன் என்று யாரும் சொல்லித்தரவில்லை, அவளும் கேட்டுக்கொண்டதில்லை.

அந்த வருடம் மருத்துவப் படிப்பில் புதிய யோசனைகளுக்கென்று ஒரு போட்டி அறிவித்தார்கள். மேடையில் ஐந்தே நிமிடம். ஜெயிக்கிற யோசனை எல்லாக் கல்லூரிகளிலும் பாடமாகிவிடும். ஏழாம் அறையைக் கவனித்துக்கொண்ட சின்ன டாக்டர் ஓடி வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அக்கா, நீங்க அன்னைக்குச் சொன்னீங்களே, அதையே சொல்லுவோம்.”

அவள் சொன்னது பெரிய விஷயமொன்றும் இல்லை. சாவுச் செய்தியைச் சொன்னதும் இந்தப் பிள்ளைகளுக்குப் பயம் வந்துவிடுகிறது. பயத்தில் வாய் ஓடுகிறது. எங்கே கையெழுத்துப் போட வேண்டும், எந்த ஜன்னலில் சான்றிதழ் வாங்க வேண்டும் என்று அருவியாய்க் கொட்டுகிறார்கள். எதிரே இருப்பவள் காதில் ஒன்றும் ஏறுவதில்லை. அதனால், அந்த ஒரு வாக்கியத்தைச் சொன்னவுடன் டாக்டர் பேனாவைச் சட்டைப்பையில் செருக வேண்டும். இரண்டு கையையும் முழங்காலில் வைக்க வேண்டும். மனசுக்குள் பத்து எண்ண வேண்டும். எண்ணி முடிக்கும் வரை மூச்! அவ்வளவுதான் யோசனை.

போட்டியன்று காலை பத்தரைக்கெல்லாம் கல்லூரி அரங்கம் நிரம்பிவிட்டது. அவளுடைய வீட்டுக்காரரும் வந்து கடைசி வரிசையில் பிஸ்கட்டும் கையுமாக உட்கார்ந்திருந்தார். இவர்களுக்கு முன்னால் ஏறிய ஒருவன் பேசும் பொம்மை ஒன்றைக் கொண்டுவந்திருந்தான். அது பாதியில் வாயைத் திறந்தபடி நின்றுவிட்டது. அவன் அதன் முதுகில் தட்டித் தட்டிப் பார்த்து, மானம் போய் இறங்கினான்.

அடுத்து இவர்கள். மேடை ஓரத்தில் நின்றபோது சின்ன டாக்டர் வெற்று அட்டையை நீட்டினாள். “சீக்கிரம் அக்கா, கூப்பிட்டுட்டாங்க.”

பதினோரு வருடம் எழுதிய கைதான். அன்றைக்குப் பார்த்து மூளை துடைத்துவிட்டதுபோல் ஆகிவிட்டது. விளக்கு வெளிச்சம் வேறு கண்ணைக் குத்தியது. அவசரத்தில் கை தானாக எழுதியது. ‘கணவர், வயது ஐம்பத்திரண்டு, லிஃப்ட் மெக்கானிக்.’ எழுதியதைப் படித்ததும்தான் அவளுக்குச் சட்டம் ஞாபகம் வந்தது. அடிக்க நேரமில்லை. அட்டை கை மாறிவிட்டது.

சின்ன டாக்டர் யோசனையைச் சொல்லி முடித்ததும், டாக்டராக நடிக்கத் தலைமை நடுவரே எழுந்து வந்தார். வெள்ளைத் தாடி வைத்த இதய அறுவை நிபுணர். அட்டையைப் படித்தார், எதிரே உட்கார்ந்தார், பேனாவைக் கையில் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்.

“உங்க வீட்டுக்காரர் இறந்துட்டாரும்மா.”

பேனாவைப் பையில் செருகினார். கைகளை முழங்காலில் வைத்தார். அவள் வழக்கம்போல் தரையைப் பார்த்துக்கொண்டு எண்ண ஆரம்பித்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. அரங்கத்தில் ஒரு இருமல்கூட இல்லை. நான்கில் அவர் பேச ஆரம்பித்தார்.

“படியில கெடந்தாரும்மா. பச்சை டி-ஷர்ட் போட்டிருந்தார். கையில டார்ச் எரிஞ்சுக்கிட்டே இருந்தது. நாங்க போறதுக்குள்ள…”

“பத்து வரைக்கும் பேசக்கூடாதுன்னு சொன்னேன்ல!” என்று அவள் கத்திவிட்டாள்.

நிமிர்ந்து பார்த்தால் பெரிய டாக்டர் முகத்தில் ஈயாடவில்லை. “நான் வாயே தொறக்கலையேம்மா” என்றார்.

பிறகு யாரோ கைதட்ட, அரங்கமே எழுந்து நின்று தட்டியது. துக்கத்தில் இருப்பவளுக்கு மௌனம் எப்படிக் கேட்கும் என்று நடித்துக் காட்டிவிட்டாளாம்! முதல் பரிசும் கொடுத்துவிட்டார்கள். அவளோ மேடையில் நின்றுகொண்டு கடைசி வரிசையைத்தான் பார்த்தாள். வீட்டுக்காரர் வெள்ளைச் சட்டையில், பிஸ்கட் தூள் உதிர, எல்லாரையும்விடப் பலமாகத் தட்டிக்கொண்டிருந்தார். அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அதுவும் வீடு போய்ச் சேரும் வரைக்கும்தான். பரிசுப் பையை அவர் சோபாவில் கவிழ்த்தார். ஒரு கோப்பை, ஒரு நோட்டு, கடைசியாக மடித்து வைத்த ஒரு டி-ஷர்ட். நல்ல இலைப் பச்சை.

“எனக்கு அளவெடுத்துத் தச்ச மாதிரி இருக்கே!” என்று தலை வழியாக மாட்டப்போனார். அவள் வெடுக்கென்று பிடுங்கினாள்.

“உனக்குக் கிறுக்குப் பிடிச்சுருக்கா?”

“ஆமா, பிடிச்சுருக்கு. என்ன இப்போ?”

அன்றைக்கே அதை நான்காக வெட்டிக் கரித்துணியாக்கினாள். போட்டியில் எடுத்த வீடியோவை ஏழெட்டு முறை போட்டுப் பார்த்தாள். பெரிய டாக்டரின் உதடு அசையவே இல்லை. மேடையில் மௌனம், மௌனத்தின் நடுவில் அவள் மட்டும் அலறுகிறாள். நாங்க போறதுக்குள்ள என்ன? அந்த அரைகுறை வாக்கியம் அவளைத் தூங்கவிடவில்லை. இவள் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருந்தால் முழுசாகக் கேட்டிருக்கலாம். தன்மேலேயே அவளுக்கு ஆத்திரம் பொங்கியது.

அதிலிருந்து தினமும் காலையில் அவர் என்ன நிறம் உடுத்துகிறார் என்று வாசல்வரை வந்து பார்ப்பாள். மத்தியானம் போன் செய்வாள். அவரும் முதலில் கோபித்துக்கொண்டு, பிறகு கேலி செய்ய ஆரம்பித்து, கடைசியில் போனை எடுத்ததுமே, “வெள்ளைதான் மேடம்” என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவார்.

நான்கு மாதம் போனது. பத்து எண்ணும் பாடம் எல்லாக் கல்லூரிக்கும் வந்துவிட்டது. ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணி இருக்கும். ஏழாம் அறையில் அவள் எதிரே ஒரு மாணவி, மூலையில் சின்ன டாக்டர். அட்டையில் கவனமாக எழுதியிருந்தாள், எழுபது வயசு, ஓய்வுபெற்ற தபால்காரர் என்று. மாணவி செய்தியைச் சொன்னாள். பேனாவைப் பையில் வைத்தாள். ஒன்று, இரண்டு, மூன்று.

“…பத்து நிமிஷம் ஆயிடுச்சும்மா.”

அதே குரல். அன்றைக்கு விட்ட இடத்திலிருந்து, நடுவில் நான்கு மாதம் போகவே இல்லை என்பதுபோல. அவள் இந்த முறை பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள்.

“மூணாவது மாடிக்கும் நாலாவது மாடிக்கும் நடுவுல. நீங்க மேல ஏழாம் ரூம்லதான் இருந்தீங்க. உங்ககிட்ட யாரும் சொல்லல.”

நாற்காலி பின்னால் விழுந்தது. “அக்கா, நான் ஒண்ணுமே பேசலக்கா!” என்று மாணவி பதறினாள். அவள் அதற்குள் கதவைத் தாண்டிவிட்டாள். லிஃப்ட் வாசலில் ‘பழுது’ என்று அட்டை தொங்கியது. அதைப் பார்த்ததும் அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பாவி மனுஷன், இந்தக் கல்லூரிக்கு வருவதாக ஒரு வார்த்தை சொல்லவில்லையே! படியில் இறங்கினாள். திருப்பத்தில் வெளிச்சம் ஒன்று சுவரில் ஆடாமல் நின்றிருந்தது.

அவர் குப்புற விழுந்திருந்தார். கையில் டார்ச். உடம்பில் பச்சை டி-ஷர்ட். லிஃப்ட் எண்ணெய் சட்டை முழுக்கக் கொட்டிவிட்டதாம். போட்டிப் பரிசுக்கு வாங்கி மிஞ்சிப்போன டி-ஷர்ட் பெட்டியிலிருந்து கல்லூரி ஸ்டோர்காரர் ஒன்றை எடுத்துக் கொடுத்திருக்கிறார். இதெல்லாம் பிறகு தெரிந்தது.

மாணவர்கள் பொம்மையின் நெஞ்சை அழுத்தப் பழகும்போது பக்கத்தில் நின்று மனைவியாக அலறுவதும் அவள் வேலைதான். எத்தனை நூறு முறை பார்த்திருப்பாள்! அவரைப் புரட்டிப்போட்டாள். நெஞ்சின் நடுவில் இரண்டு உள்ளங்கையையும் வைத்து அழுத்தினாள். ஒன்று, இரண்டு, மூன்று என்று கட்டிடமே அதிர வாய்விட்டு எண்ணினாள். மாணவி ஓடிவந்தாள். சின்ன டாக்டர் நின்ற இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுக்கும் ஷாக் பெட்டியைச் சுவரிலிருந்து பிய்த்துக்கொண்டு வந்தாள். அந்தப் பச்சைத் துணியை இரண்டாகக் கிழித்தார்கள்.

அரைமணி நேரத்துக்குப் பிறகு அவள் பக்கத்து ஆஸ்பத்திரியில் ஒரு பெஞ்சில் இருந்தாள். கதவு திறந்து, அவளை அறியாத டாக்டர் ஒருவர் வெளியே வந்தார். அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. பேனாவைப் பார்த்தாள். பேனா சட்டைப்பையில் இருந்தது. அவர் எதிரே உட்கார்ந்தார். ஒரு கையை முழங்காலில் வைத்தார். அவளுக்கு உலகமே அடங்கிப்போயிற்று. இதையெல்லாம் சொல்லிக்கொடுத்தவள் அவள்தானே!

அவருடைய இன்னொரு கை மேலே போயிற்று. பேனாவை வெளியே எடுத்தது.

“பொழச்சுட்டாரும்மா. கண்ணு முழிச்சுட்டார். இந்த அட்டைக்கு விவரம் வேணும். உங்க வீட்டுக்காரருக்கு என்ன வயசு?”

அவள் அட்டையைப் பார்த்தாள். பேனா முனை காத்திருந்தது.

“அறுபத்தொண்ணு” என்றாள்.

“தொழில்?”

“பஸ் கண்டக்டர்.”

டாக்டர் எழுதிக்கொண்டு போனார். சற்று நேரத்தில் உள்ளேயிருந்து வீட்டுக்காரர் குரல் தீனமாகக் கேட்டது. “கண்டக்டரா? யாருங்க அது? நான் லிஃப்ட்…”

அவள் பாய்ந்து போய் அவர் வாயைப் பொத்தினாள்.