வரைபடத்தில் இருந்த பாலம்

நான் கால் சென்டரில் வேலை செய்கிறவள். காலை ஒன்பதிலிருந்து மாலை ஆறு வரை காதில் ஹெட்போன். வாஷிங் மெஷின் வாங்கி அது ஓடாமல் போனவர்கள் எல்லாரும் என்னைத்தான் திட்டுவார்கள். வீட்டுக்கு வந்து படுத்தாலும் காதுக்குள் ஙொய்யென்று ஒரே இரைச்சல். "ஒரு நாளாவது காதுக்கு ஓய்வு குடுங்கம்மா" என்றார் டாக்டர். மூன்று மாதம் கெஞ்சி ஒரே ஒரு நாள் லீவு வாங்கினேன். காட்டுக்குள் கால் போன போக்கில் நடக்க வேண்டும், எந்த மெஷினும் என்னோடு பேசக்கூடாது. போனை அணைத்து வைப்பதாக என் வீட்டுக்காரர் என் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்தார். என் தலைதானே, அவருக்கென்ன!

காட்டுக்குள் நுழைந்து பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. "இருநூறு மீட்டரில் வலப்பக்கம் திரும்பவும்" என்று அவர் சட்டைப் பையிலிருந்து ஒருத்தி பேசினாள்.

"ஏங்க, அணைச்சு வைக்கிறேன்னு சொன்னீங்களே!"

"இது மேப்பு மட்டும்தாம்மா. வழி தவறிட்டா என்ன பண்றது?"

"வழி தவறத்தானே வந்தோம்!"

யாரிடம் சொல்கிறேன்? அவர் வேலையே மேப் கம்பெனியில். ஏசி அறையில் உட்கார்ந்து, செயற்கைக்கோள் எடுத்த படங்களைப் பார்த்து, பார்க்காத காட்டுக்கெல்லாம் பாதை போடுவார். முதுகுப் பையில் கேமரா, இரண்டு பவர் பேங்க், ஒரு கட்டு வயர். கையில் அடி எண்ணும் வாட்ச். அது ஆயிரம் அடிக்கு ஒருமுறை கீச்கீச்சென்று அவரைப் பாராட்டியது.

இடது பக்கம் மூங்கிலுக்கு நடுவே ஒரு ஒற்றையடிப் பாதை போயிற்று. நிழலும் குளுமையுமாக, வா வா என்றது.

"அது மேப்புல இல்ல" என்று என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தேன்.

ஒரு மணி நேரத்தில் ஓர் ஓடை குறுக்கிட்டது. "பாலத்தில் நேராகச் செல்லவும்" என்றாள் சட்டைப்பைக்காரி. பாலமாவது, மண்ணாங்கட்டியாவது! உளுத்துப்போன மரம் ஒன்று நடுவில் முறிந்து தண்ணீரில் கிடந்தது. அவர் போனைப் பார்த்தார், மரத்தைப் பார்த்தார். முகம் சுண்டிப்போயிற்று.

"என்னங்க?"

"இந்தப் பாலத்த நான்தான் போட்டேன். படத்துல மேலேர்ந்து பாக்க பாலம் மாதிரியே இருந்துச்சு."

ஊருக்கெல்லாம் சகுனம் சொன்ன பல்லி கழனிப் பானையில் விழுந்ததாம். எனக்குச் சிரிப்புகூட வரவில்லை.

"சரி வா, திரும்பிடலாம். சிக்னல் கிடைச்சதும் ஆபீசுக்குச் சொல்லி இத மேப்புலேர்ந்து எடுக்கணும்."

"என் லீவுங்க இது! உங்க ஆபீசுக்கா லீவு போட்டேன்?"

செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு ஓடையில் இறங்கினேன். முழங்கால் ஆழம்தான்.

"ஏய், எப்படி வர்றது? பை நனைஞ்சிடும்!"

"பையோடயே இருங்க!"

அக்கரையில் ஒரு பாறைமேல் உட்கார்ந்தேன். பக்கத்திலேயே தண்ணீர் கல்லில் மோதிச் சோவென்று விழுந்தது. எதிரே அவர் வாய் திறந்து மூடியது. போனைத் தூக்கித் தூக்கிக் காட்டினார். அவளும் ஏதோ சொல்லிக்கொண்டிருப்பாள். எதுவும் எனக்குக் கேட்கவில்லை. காதுக்குள் இருந்த இரைச்சலைத் தேடினேன், அதையும் காணோம்.

என்னவென்று சைகையில்கூட நான் கேட்கவில்லை. இதற்காகத்தானே லீவு போட்டேன்.