நாலு கூடை மண்

மாரிகுப்பத்து லைன் வீட்டு வாசலில் பார்வதம்மா கொட்டிப் பரப்பிய மண்ணில் அவரைக்கொட்டை முளைக்கவில்லை. முளைக்காததோடு போயிருந்தால் சும்மா விட்டிருப்பார்கள். ஆடிக்காற்று அடித்தது. மண் பொடியாகப் பறந்து பக்கத்து வீட்டுக் குணசுந்தரியின் சோற்றுப் பானைவரைக்கும் போனது. ஏது இந்த மண் என்று அவள் கேட்க, பார்வதம்மா சந்தோஷமாகவே கையை நீட்டிக் காட்டினாள். லைனுக்குப் பின்னால் சாம்பல் நிறத்தில் படுத்துக் கிடக்கிற சயனைடு மேட்டை.

சுரங்கக் கம்பெனி தங்கத்தை எடுத்துக்கொண்டு மிச்சத்தைக் கொட்டிய மேடு அது, விஷத்தூள் என்று அங்கே பிறந்த குழந்தைக்கும் தெரியும். பூதிகோட்டையில் ராகி விதைத்து வளர்ந்தவளுக்கு யார் சொன்னார்கள்? சலித்த மாவு போல மண். வரப்பு இல்லை, கேட்க ஆள் இல்லை. நாலு கூடை சுமந்து வந்துவிட்டாள்.

பூதிகோட்டையில் அவளுக்கும் நிலம் இருந்தது. தலைக்குள் குரல்கள் கேட்கத் தொடங்கியதும் கொழுந்தன்மார் வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினார்கள். பங்காருபேட்டையில் ரயில் ஏறி, இதற்குமேல் தண்டவாளம் இல்லை என்று வண்டி நின்ற இடத்தில் இறங்கியவள், மாரிகுப்பம் பிளாட்பாரத்திலேயே வருஷக்கணக்கில் கிடந்தாள். தெருவில் கிடப்பவர்களைத் தேடிப் போகிற தொண்டு நிறுவனத்துப் பாக்கியவதிதான் ஓயாமல் வந்து பக்கத்தில் உட்கார்ந்து பேசி, டாக்டரிடம் அழைத்துப்போனாள். மாத்திரையில் குரல்கள் அடங்கிய பிறகு இந்த வீட்டை வாடகைக்குப் பிடித்ததும் அவள்தான். வார்டு இல்லை, விடுதி இல்லை. பார்வதம்மாவோடு சேர்த்துத் தெருவில் கிடந்து தேறிய மூன்று பெண்கள், ஒரே அடுப்பு, சாவி அவர்கள் கையில். மற்ற வீட்டுக்காரர்கள் எல்லாம் கையை விரித்தபோது வால்டர் ஒருவர்தான், சத்தம் கித்தம் இல்லாமல் இருந்தால் சரி என்று கொடுத்திருந்தார்.

அந்த வால்டர் ஞாயிற்றுக்கிழமை கோயில் ஆராதனை முடிந்து அதே வெள்ளைச் சட்டையோடு வந்து நின்றார். குணசுந்தரியின் பின்னால் லைனே கூடியிருந்தது. இந்த மாதத்தோடு காலி செய்யச் சொன்னார்.

பாக்கியவதி பதறிப்போனாள். “அங்கிள், அவங்க சுயநெனப்புல செய்யல. நோவு அப்பப்ப தலைகாட்டும். டாக்டர்கிட்ட சொல்லி மாத்திரைய ஏத்தறேன். இந்த ஒரு தடவ உடுங்க.”

வால்டரின் முகம் இளகுவதைப் பார்வதம்மா பார்த்தாள். வாயை மூடிக்கொண்டு நின்றால் வீடு தப்பும். ஆனால் இன்றைக்கு மண் அள்ளியது நோவு என்றால், நாளைக்குச் சிரித்தால் நோவு, சண்டை போட்டால் நோவு. குழம்பில் உப்பு கூடினாலும் மாத்திரையை ஏற்றுவார்கள்.

“நிறுத்து பாக்கியா,” என்றாள். “எனக்கு நோவு வந்தா எப்டி இருக்கும்னு எனக்குத் தெரியும். அன்னிக்கு எந்தக் கொரலும் சொல்லல. நானாதான் போனேன். நல்ல மண்ணுன்னு நெனச்சேன், தப்பு. அது என் தப்பு. நோவு மேல போடாத.”

“ஒத்துக்கினா ஆச்சா?” குணசுந்தரி இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள். “பைத்தியத்த கொணாந்து வெச்சா வெசத்ததான் கொணாரும்னு அன்னிக்கே சொன்னேன்.”

“நாலு கூடை கொணாந்தவ வீட்ட உட்டுப் போணும்,” என்றாள் பார்வதம்மா. “மலையாட்டம் கொட்டிட்டுப் போனாங்களே, அவங்கள இன்னா கேட்டீங்க? ஒவ்வொரு ஆடிக்கும் உங்க சோத்துல உழுவுது. அதும் பக்கத்துலயே புள்ளைங்கள பெத்து வளக்கறீங்க. யாரையாச்சும் பைத்தியம்னு சொன்னீங்களா?”

கூட்டத்தில் யாரோ சிரித்து, சிரிப்பை இருமலாக்கினார்கள். வால்டர் சிரிக்கவில்லை.

“கொட்டுனது நாங்கதாம்மா,” என்றார். “தங்கம் பிரிக்கிற மில்லுல வேல பாத்தவன் நான்.”

“நீங்க கொட்டுனத நீங்க அள்ளல. நான் கொட்டுனத நான் அள்ளிடறேன். வீட்ட உட்டு மட்டும் போவ மாட்டேன்.”

அவர் செருப்பு நுனியால் அந்தச் சாம்பல் மண்ணைத் தொட்டு, காலைப் பின்னால் இழுத்துக்கொண்டார். குணசுந்தரி எதையோ சொல்ல வர, கையமர்த்தினார். சாயங்காலம் வந்து பார்ப்பதாகவும், ஒரு பிடி மிச்சம் இருக்கக் கூடாது என்றும் சொன்னார்.

“வாங்க. டீ போட்டு வெக்கிறேன்,” என்றாள் பார்வதம்மா.

தூள் பறக்காமல் இருக்க முதலில் தண்ணீர் தெளித்தாள். முந்தானையால் மூக்கையும் வாயையும் கட்டிக்கொண்டு சுரண்டத் தொடங்கினாள். பாக்கியவதி கூடையைப் பிடித்தாள். முதல் கூடை நிறைந்தது.

“உனக்காகத்தானேக்கா சொன்னேன்,” என்றாள் பாக்கியவதி.

“தெரியும். இனிமே என்னக் கேட்டுட்டு சொல்லு.”

கூடை தலைக்கு ஏறியது. பின்பக்கச் சந்து வழியாகப் போனால் யார் கண்ணிலும் படாமல் மேட்டுக்குப் போய்விடலாம் என்று பாக்கியவதி வழி காட்டினாள். லைன் முழுக்க இன்னும் வாசலில்தான் நின்றுகொண்டிருந்தது.

“பாக்கட்டும்,” என்று நடுத்தெருவில் நடந்தாள் பார்வதம்மா.