பதினேழாம் வில்லை

ஆண்டுக்கூட்டம் பத்து மணிக்கு என்று அழைப்பில் அச்சடித்திருந்தார்கள். பத்தரைக்குத்தான் வாடகை நாற்காலிகளே வந்து இறங்கின. மலையில் ஐந்து நிமிடம் பிந்தி வந்தால் ஆளை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுகிற கூட்டம் இது. சமதரைக்கு வந்துவிட்டால் மட்டும் கடிகாரம் என்று ஒன்று இருப்பதே இவர்களுக்கு மறந்துபோகும்.

வால் அக்கா ஒன்பதே முக்காலுக்கே வந்துவிட்டாள். கணவர் வண்டியை நிறுத்த இடம் தேடிக்கொண்டிருக்க, அவள் மேடையோரத்தில் சாய்த்து வைத்திருந்த கொக்கிப் பலகையின் எதிரில் கைப்பையை அணைத்தபடி நின்றாள். பைக்குள் ஒரு கடிதம் இருந்தது. ‘உடல்நிலை காரணமாக இனி என்னால் பொறுப்பு ஏற்க இயலாது.’ இந்த ஒரு வரியை எழுத அவளுக்கு ஏழு மாதம் பிடித்திருந்தது.

இந்த மலைநடைச் சங்கத்தில் வரிசைக்கு முன்னால் வழிகாட்டிப் போகிறவர் ‘தலை’. கடைசி ஆளுக்கும் பின்னால் வருகிறவர் ‘வால்’. தலையாக இருக்க ஆளாளுக்கு அடித்துக்கொள்வார்கள். வாலாக இருக்கக் கூப்பிட்டால் எல்லோருக்கும் அன்றைக்கென்று பார்த்து உறவுக்காரர் வீட்டில் விசேஷம் வந்துவிடும். செருப்பு அறுந்தவர், மூச்சு வாங்குகிறவர், மனைவியோடு சண்டை போட்டுக்கொண்டு பாறைமேல் உட்கார்ந்துவிட்டவர், இத்தனை பேரையும் தாஜா பண்ணிக் கீழே கொண்டுவந்து சேர்க்க வேண்டும். சம்பளம் கிடையாது. நன்றியும் அநேகமாகக் கிடையாது. பன்னிரண்டு வருடமாக அந்த வேலையை அவள்தான் பார்த்தாள். மற்ற நாட்களில் ஆஸ்பத்திரி மருந்து ஜன்னலுக்குப் பின்னால் நின்று மாத்திரை எண்ணிக் கொடுப்பாள். அங்கே ஒரு மாத்திரை கூடியதில்லை, குறைந்ததில்லை. அறுபது வயதுக்காரர்கள்கூட அவளை அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள்.

பலகையில் நாற்பது கொக்கிகள், நாற்பது பித்தளை வில்லைகள், ஒவ்வொன்றிலும் ஓர் எண். மலையேறுமுன் ஆளுக்கொரு வில்லையை எடுத்துக்கொள்ள வேண்டும். இறங்கியதும் அதே கொக்கியில் மாட்ட வேண்டும். பாதியில் யாராவது பிரிந்துபோக நேர்ந்தால் தனியாக விடக்கூடாது, துணைக்கு ஓர் ஆளை அனுப்ப வேண்டும். போகிறவரின் வில்லை வாலின் பையில் இருக்கும். வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன் என்று அவர் போன் செய்த பிறகுதான் அது கொக்கி ஏறும். பலகை நிறைந்ததைப் பார்த்துவிட்டு வால், “எல்லாரும் வந்தாச்சு” என்று உரக்கச் சொல்ல வேண்டும். அந்த வார்த்தை காதில் விழாமல் ஒருவரும் வண்டியைக் கிளப்பமாட்டார்கள். வீம்புக்கு வைத்த பழக்கமாகத் தொடங்கி, ஆண்டுக்கூட்டத்தைக்கூட அந்த வார்த்தையில்தான் முடிப்பது என்றாகிவிட்டது.

ஏழு மாதத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இரண்டாவது ஓய்வுப் பாறை அருகே மழை பிடித்துக்கொண்டது. ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் அவளிடம் வந்து பதினேழாம் எண் வில்லையை நீட்டினார். வேலை பார்த்த முப்பத்தைந்து வருடமும் நடந்தவர், நிறுத்த மனசில்லாமல் சங்கத்தில் சேர்ந்தவர்.

“முழங்கால் மக்கர் பண்ணுதும்மா. குறுக்குப் பாதைல இறங்கி பஸ்ஸைப் பிடிச்சுக்கறேன். அரை மணி நேரம்தான்.”

“இருங்க சார், கூட ஒருத்தரை அனுப்பறேன்.”

“எதுக்கு இன்னொருத்தர் நனையணும்? ஊரெல்லாம் விலாசம் கண்டுபிடிச்சவன், எனக்கு பஸ் ஸ்டாண்டு தெரியாதா?”

வரிசை முன்னால் போய்க்கொண்டிருந்தது. நடுவில் ஒரு பெண்மணி வழுக்கி விழுந்து கத்திக்கொண்டிருந்தாள். வால் அக்கா சரி என்று சொல்லிவிட்டாள். அவர் தோளில் ஃபிளாஸ்க் ஆட, ஒற்றைக் காலைச் சற்றே தாங்கித் தாங்கி இறங்கிப் போனதைப் பார்த்தாள். அடிவாரத்தில் மழை ஊற்றியது. ஆளாளுக்குத் தங்கள் வில்லையை அவள் கையில் திணித்துவிட்டு வண்டிக்கு ஓடினார்கள். கைநிறைய வில்லைகள், பையில் ஒன்று. எண்ணைப் பார்த்துப் பார்த்து எல்லாவற்றையும் மாட்டினாள். பலகை நிறைந்தது. “எல்லாரும் வந்தாச்சு!” என்று மழைக்கு மேலே கத்தினாள்.

வீட்டில் ஈரத்தலையைத் துவட்டும்போதுதான் பதினேழு நினைவுக்கு வந்தது. இந்நேரம் போயிருப்பார் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஏழு மணிக்குச் சங்கத் தலைவர் போன் செய்தார்.

“அக்கா, தபால்காரர் வீட்டுக்கு வரலையாம். வில்லை கொக்கில இருந்துச்சுல்ல?”

“இருந்துச்சு” என்றாள் அவள். பொய் இல்லை. அந்த ஒரு வார்த்தையோடு இன்னும் நாலு வார்த்தை சேர்த்துச் சொல்லியிருக்கலாம். பன்னிரண்டு வருடத்துப் பெயர் குறுக்கே வந்து நின்றது. காலையில் சொல்லிக்கொள்ளலாம், அதற்குள் அவரே வந்துவிடுவார் என்று நினைத்தாள். காலையில் சொல்வது இன்னும் கஷ்டமாக இருந்தது.

வில்லை கொக்கியில் இருப்பதால் ஆள் கீழே இறங்கிவிட்டார் என்று பஸ் ஸ்டாண்டு, ஆஸ்பத்திரி, சொந்தக்காரர் வீடு என்று ஊர் முழுக்கத் தேடினார்கள். மலையை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. மூன்றாம் நாள் ஆடு மேய்ப்பவர் ஒருவர்தான் குறுக்குப் பாதைக்குக் கீழே பள்ளத்தில் உடலைக் கண்டுபிடித்தார். கால் முறிந்திருந்தது. முதல் ராத்திரி முழுக்க உயிர் இருந்திருக்கும் என்று ஆஸ்பத்திரியில் பேசிக்கொண்டது மருந்து ஜன்னல்வரை வந்தது. அவள் அப்போது யாருக்கோ சர்க்கரை மாத்திரை எண்ணிக்கொண்டிருந்தாள். எண்ணிக்கை தவறி, மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினாள்.

இறங்கிய மனிதர் எதற்கோ தானாகவே திரும்ப மலையேறி, தவறி விழுந்தார் என்று போலீஸில் எழுதி முடித்தார்கள். சங்கத்தின் பெயர் தப்பித்தது. அவளும் கையெழுத்துப் போட்டாள்.

இத்தனையும் மனதில் ஓட அவள் பலகை முன் நின்றபோது, தலைவர் வந்து தோளைத் தட்டினார். டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். யாரிடம் பேசினாலும் பிரேக் மிதிக்கச் சொல்கிற குரல்.

“என்னக்கா, பலகையையே மொறைச்சுப் பாக்கறீங்க? உள்ள அறைல உக்காருங்க. தபால்காரர் வீட்டம்மா வந்திருக்காங்க. உங்களுக்கு இன்னிக்கு அவங்க கையாலதான் பரிசு.”

கடிதத்தைக் கொடுத்துவிட்டு நழுவலாம் என்று வந்தவளுக்கு இது தெரியாது. மறுக்கக் காரணம் தேடுவதற்குள் அறைக் கதவைத் திறந்துவிட்டார்.

உடைந்த மேஜைகளும் உருட்டிவைத்த ஜமுக்காளங்களும் கிடந்த அறை. ஜன்னலோரம் தபால்காரரின் மனைவி உட்கார்ந்திருந்தார். பள்ளிச் சீருடை தைக்கிறவர். விரல் நுனிகள் ஊசி குத்திக் காய்த்திருந்தன. பக்கத்து நாற்காலியைக் கையால் துடைத்து, “உக்காரும்மா” என்றார்.

“நல்லா இருக்கீங்களாம்மா?” இதைத் தவிர வால் அக்காவுக்கு வேறு எதுவும் கேட்கத் தோன்றவில்லை.

“இருக்கேன். தையல் மெஷின் ஓடுது, நாளும் ஓடுது.” நாற்காலியைக் கிட்டே இழுத்துக்கொண்டார். “உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்மா. அன்னிக்குக் கடைசியா அவரைப் பாத்தது நீதானே? கீழ வந்ததும் ‘ஃபிளாஸ்க்கைக் காணோம்’னு ஏதாச்சும் சொன்னாரா?”

“ஃபிளாஸ்க்கா?”

“அவருக்கு மறதிம்மா. ஊர்க்காரங்க கடுதாசி ஒண்ணைத் தொலைச்சதில்லை. சொந்த சாமான் ஒண்ணு தங்காது. அது மூணாவது ஃபிளாஸ்க். காலைல கிளம்பறப்போ சொன்னேன், ‘இதையும் தொலைச்சுட்டு வந்தீங்க, வீட்டுப் படி ஏறாதீங்க’ன்னு. சிரிச்சுக்கிட்டேதான் போனாரு. கீழ வந்து பாத்திருப்பாரு, தோள்ல இருந்திருக்காது. எனக்குப் பயந்துக்கிட்டு அந்த மழைல திரும்ப ஏறியிருக்காரு. எடுத்தும் இருக்காரு பாவி மனுஷன். தோள்ல மாட்டிக்கிட்டுத்தானே கிடந்தாரு. என் வாய்தாம்மா அவரைக் கொன்னுச்சு. ஏழு மாசமா மெஷினை மிதிக்கறப்போ எல்லாம் இதே நெனப்புதான்.”

அழவில்லை. அழுது தீர்த்த முகம். வால் அக்காவுக்குத் தான் உட்கார்ந்திருந்த நாற்காலியே தன்னை விழுங்கிவிடாதா என்றிருந்தது. தன் பெயருக்காக விழுங்கிய நாலு வார்த்தை, இந்த மனுஷியின் தலையில் ஒரு கொலையாக ஏறி உட்கார்ந்திருக்கிறது. இதை இறக்கிவைக்க உலகத்தில் ஒரே ஓர் ஆளால்தான் முடியும். மானம் போகட்டும், வேலை போகட்டும்.

“அம்மா, நான் ஒண்ணு சொல்லணும்” என்று ஆரம்பித்தாள்.

கதவு திறந்தது. “சொல்றதெல்லாம் மைக்ல சொல்லிக்கலாம். வாங்க, வாங்க, கூட்டம் ரெடி!” தலைவர் இருவரையும் கிளப்பிக்கொண்டு போனார்.

மேடையில் முதலில் தலைகளைக் கூப்பிட்டார்கள். பாம்பைக் கண்டு எல்லோருக்கும் முன்னால் ஓடிய தலை ஒருவருக்குக் கைத்தடி. வழி தப்பிப் பதினெட்டுப் பேரைக் கோழிப்பண்ணைக்குள் கூட்டிக்கொண்டு போன இன்னொரு தலைக்குத் திசைகாட்டி. கூட்டம் சிரித்து உருண்டது. வால் அக்கா சிரிப்பவர்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தச் சிரிப்பை இன்னும் ஐந்து நிமிடத்தில் தான் அணைக்கப் போகிறோம் என்று நினைத்துக்கொண்டாள்.

“அடுத்து நம்ம அக்கா!” என்றார் தலைவர். “பன்னெண்டு வருஷம். ஒரு நாளாவது ஒரு கொக்கி காலியா இருந்திருக்கா? சொல்லுங்க!”

“இல்லை!” என்று கத்தியது கூட்டம்.

“நம்ம தபால்காரர் ஞாபகமா பதினேழாம் நம்பரை இனி யாருக்கும் கொடுக்கறதில்லைன்னு முடிவு பண்ணியிருக்கோம். அந்த வில்லை இனிமே அக்காகிட்டதான் இருக்கணும். அதான் பொருத்தம்.”

தபால்காரரின் மனைவி சின்னப் பெட்டியைத் திறந்து, பளபளவென்று தேய்த்த வில்லையை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தார். அதே கனம். இரண்டாவது முறையாக அது அவள் கைக்கு வந்தது.

அவள் மைக்கைப் பிடித்துக்கொண்டாள்.

“அன்னிக்கு அவர் கீழ இறங்கி வரவே இல்லை” என்றாள். வார்த்தை தெளிவாக விழுந்தது. “ரெண்டாவது ஓய்வுப் பாறைகிட்ட, முழங்கால் வலின்னு சொல்லி இந்த வில்லையை என் கைல கொடுத்துட்டு, குறுக்குப் பாதைல போனாரு. துணைக்கு ஆள் அனுப்பியிருக்கணும், அனுப்பல. கீழ வந்து எல்லாத்தோடயும் சேத்து இதையும் நான்தான் மாட்டினேன். அவர் எதுக்கும் திரும்பிப் போகலை. ஃபிளாஸ்க் அப்பவே அவர் தோள்ல இருந்துச்சு. நான் என் கண்ணால பாத்தேம்மா. உங்க மேல ஒரு தப்பும் இல்லை.”

தலைவரின் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. முன்வரிசையில் கணவர் வாயைத் திறந்தபடி இருந்தார். வால் அக்கா மூச்சை இழுத்துக்கொண்டாள். இன்னும் போன் விஷயம் பாக்கி. அதுதான் பெரியது. அதையும் சொல்லிவிட்டால் முடிந்தது.

அதற்குள் தபால்காரரின் மனைவி அவளை இறுக்கிக் கட்டிக்கொண்டார். அழுகையில் உடம்பு குலுங்கியது. பிறகு நிமிர்ந்து, மைக்கை மெல்லத் தன் பக்கம் திருப்பினார்.

“என் மனசுல இருந்ததைக் கொஞ்ச நேரம் முன்னாலதான் இந்தப் பொண்ணுகிட்ட சொன்னேன். ஃபிளாஸ்க்குக்காக நான்தான் அவரைத் திட்டி அனுப்பினேன். அதைக் கேட்டுட்டு, என் பாரத்தைத் தன் தலைல தூக்கிப் போட்டுக்குது பாருங்க. இத்தனை பேர் முன்னால, தன் பேரைக் கெடுத்துக்கிட்டு. பெத்த பொண்ணுகூட இப்படிச் செய்யாது.”

“இல்லம்மா, நிஜமாத்தான் சொல்றேன். அன்னிக்கு சாயங்காலம் போன்லகூட…”

மைக் தலைவர் கைக்குப் போய்விட்டிருந்தது. “போலீஸே விசாரிச்சு எழுதிக் கொடுத்த விஷயம். அப்படி இருந்தும், ஒரு தாயோட மனசு ஆறணும்னு பழியை ஏத்துக்கறாங்க பாருங்க! இவங்கதான் நம்ம சங்கத்துக்கு வால்!” அவர் நம்பினாரா, நம்புவது வசதி என்று நம்பினாரா, அது அவருக்கே வெளிச்சம். முதலில் ஒருவர் கைதட்டினார். பிறகு எல்லோரும் எழுந்து நின்று தட்டினார்கள். கணவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு தட்டினார். அவள் எதையோ கத்திச் சொன்னாள். பக்கத்தில் நின்றவர் காதில்கூட விழவில்லை.

கைதட்டல் அடங்குமுன் தபால்காரரின் மனைவி அவள் காதோரம் குனிந்தார். “போதும்மா. நான் பண்ணினதை நானே சுமந்துக்கறேன். உனக்கு எதுக்கு இந்தப் பாவம்?”

“நம்புங்கம்மா. கெஞ்சிக் கேக்கறேன்.”

“நம்பறேன், நம்பறேன்” என்று முதுகைத் தடவினார் அவர், காய்ச்சலில் பிதற்றுகிற குழந்தையைச் சமாதானப்படுத்துகிறவராக. அந்தத் தடவலில் வால் அக்காவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அன்று ஏழு மணிக்குச் சொல்லியிருந்தால் ஓர் உயிர். மறுநாள் சொல்லியிருந்தால் ஒரு மனுஷியின் ஏழு மாதம். ஏன், இன்று காலை அறைக்குள் நுழைந்தவுடன், ஃபிளாஸ்க் பேச்சு வருமுன் சொல்லியிருந்தால்கூட நம்பியிருப்பார். இனி எத்தனை முறை சொன்னாலும் அவள் நல்லவளாகத்தான் ஆவாள்.

சாப்பாடு முடிந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை நடைக்கான பட்டியலைச் சுவரில் ஒட்டினார்கள். வால் என்ற இடத்தில் யாரையும் கேட்காமல் அவள் பெயரை எழுதியிருந்தார்கள். கைப்பையில் கடிதம் அப்படியே இருந்தது. ஜனங்கள் கைகழுவிவிட்டு, பையும் குடையுமாக வாசலில் வந்து நின்றார்கள். யாரும் போகவில்லை. எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள்.

“என்னம்மா, எதுக்கு இப்படி நிக்கறாங்க?” என்று கேட்டார் தபால்காரரின் மனைவி. வழக்கத்தைத் தலைவர் விளக்கினார்.

“அட, அதானா? சொல்லிடும்மா. பாவம், எல்லாரும் வீட்டுக்குப் போகணும்ல?” என்று அவள் கையைப் பிடித்து அழுத்தினார். வில்லை இருவர் உள்ளங்கைக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது.

வால் அக்கா பலகையைப் பார்த்தாள். பதினேழாம் கொக்கி காலியாக இருந்தது.

“எல்லாரும் வந்தாச்சு” என்றாள்.

சத்தம் போதவில்லை என்று பின்னாலிருந்து யாரோ கத்தினார்கள். இன்னொரு முறை உரக்கச் சொன்னாள். வண்டிகள் கிளம்பின.