முகம் இல்லாத படம்

கேக் விற்க வேண்டுமென்றால் கேக்கைப் பற்றி எழுதக் கூடாது என்றாள் சீலா. அவள் என் கணவரின் தங்கை. டொக்யார்ட் வீதியில் ஒரு இன்ரநெற் கடையில் வேலை. 2005இல் என் கேக் வியாபாரத்துக்கு வலைப்பூ ஒன்றைத் திறந்து தந்தவள் அவள்தான். அன்றிலிருந்து அதற்கு அவள் எசமானி, நான் முட்டை அடிக்கிற ஆள்.

"கேக் எல்லா ஊரிலயும் இருக்கு மச்சாள். வெளிநாட்டில இருக்கிறவை இஞ்ச கேக் குடுக்கச் சொல்லுறது ஏன்? தாய் தேப்பன்ர முகத்தைப் பாக்கத்தான். முகத்தைப் போடுங்கோ. கிழமைக்கு ஒருக்காலாவது எழுதுங்கோ. ஆராவது கேள்வி கேட்டால் அண்டைக்கே பதில் போடுங்கோ."

புத்தி சொல்பவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும். அவர்கள் சொல்வது சரியாகவும் இருந்துவிட்டால் இன்னும் கூடும். சீலா சொன்னது சரியாகத்தான் இருந்தது. வெட்டிய கேக்கோடு சிரிக்கிற தாய்மாரின் படங்களைப் போடப் போட லண்டனிலிருந்தும் ரொறன்ரோவிலிருந்தும் ஓடர்கள் வந்தன. உட்துறைமுக வீதியிலுள்ள எங்கள் வீட்டுக் குசினியில் கேக் அடுப்பு இரண்டாகியது.

சண்டை திரும்பத் தொடங்கிய பிறகும் ஓடர் குறையவில்லை. ஊருக்கு வர ஏலாத பிள்ளைகள் கேக்கை அனுப்பினார்கள். சோதனைச் சாவடியில் ஆமிக்காரர் பெட்டியைத் திறந்து, கேக்குக்குள் கம்பி விட்டுப் பார்ப்பார்கள். அதனால் ஐசிங் பையையும் கொண்டே போவேன். கொடுக்கப் போகும் வீட்டு வாசலில் வைத்து ஓட்டையை அடைத்து, மேலே ஒரு ரோசாப்பூவைப் பிழிந்துவிடுவேன். உங்கள் கேக்குகளில் பூக்கள் ஏன் கண்ட கண்ட இடத்தில் இருக்கின்றன என்று லண்டன்காரர் ஒருவர் கேட்டிருந்தார். அது எங்கள் பாணி என்று அன்றைக்கே பதில் போட்டேன்.

2007 தைப்பொங்கலுக்கு உவர்மலை அன்னலட்சுமி ரீச்சருக்குக் கேக் கொடுத்தேன். கணக்குப் படிப்பித்து ஓய்வு பெற்றவர், தனியே இருந்தார். ஒரே மகன் ஆனந்தராசா கனடாவில். அவன் தன் முதல் சம்பளத்தில் வாங்கி அனுப்பிய தங்கக் காப்பை ரீச்சர் கையிலிருந்து கழற்றுவதேயில்லை. கேக்கோடு அவரை வாசலில் நிறுத்திப் படம் எடுத்தேன். மகன் பெயர், தாய் பெயர், கனடா, உவர்மலை, எல்லாவற்றையும் கீழே விவரமாக எழுதினேன். அந்தப் படத்துக்கு வந்த பின்னூட்டங்களை வாசித்து எனக்கே கண் கலங்கியது.

மாசி பிறந்து கொஞ்ச நாளில் ரீச்சர் எங்கள் வீட்டுக்கு வந்தார். கதிரையில் இருந்து, கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். நான் போட்ட அதே படம். யாரோ அச்சடித்திருந்தார்கள்.

"நேற்று மோட்டார்சைக்கிள்ள ரெண்டு பேர் வந்தவங்கள். இதைக் காட்டி, கேக் அனுப்புற மகன் எங்களுக்கும் ஏதாவது அனுப்பலாம்தானே எண்டு கேட்டாங்கள். காப்பைக் கழட்டிக் குடுத்திட்டன். போயிட்டாங்கள்."

"பொலிசில சொல்லுவமே ரீச்சர்?"

"விசர்க்கதை கதையாதையும். ஆனந்தனுக்கும் ஒண்டும் தெரியக்கூடாது. தெரிஞ்சால் அடுத்த பிளேனில ஏறிடுவான். பெடியங்கள் ஊருக்கு வாற காலமே இது? கொழும்பில இறங்கினதுகளே வீடு வந்து சேரேல்ல."

அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

அன்றைக்கே சீலா எல்லாப் படங்களையும் அழித்தாள். அழுதுகொண்டே அழித்தாள். முகத்தைப் போடச் சொன்ன வாய்க்கு நாலு வார்த்தை சொல்ல எனக்கு நாக்குத் துடித்தது. ஊரையும் பெயரையும் எழுதியது நான் என்பதால் அவளுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன்.

படம் இல்லையென்றதும் ஓடர்கள் விழுந்துவிட்டன. தாயைப் பார்க்க முடியாவிட்டால் கேக் எதற்கு என்று ஒருவர் நேராகவே எழுதினார். யோசித்துப் பார்த்து, கேக் வெட்டுகிற கையை மட்டும் படம் எடுத்தேன். பெயரில்லை, ஊரில்லை. "இது என்ர அம்மான்ர பெருவிரல்" என்று சுவிசிலிருந்து ஒரு மகள் எழுதினாள். அதன் பிறகு எல்லோருக்கும் கை வேண்டியிருந்தது. இது தன்னுடைய யோசனையை விடத் திறம் என்று சீலா ஒப்புக்கொண்டாள். நான் தேவைக்கு மேலேயே சந்தோசப்பட்டேன்.

தீபாவளிக்கு ஆனந்தராசா மறுபடி ஓடர் தந்தான். ரீச்சர் கேக்கை வெட்டினார். கம்பி ஓட்டை தெரிகிறதா, கத்தி பளபளக்கிறதா என்றுதான் நான் பார்த்தேன். படத்தைப் போட்டேன். விடிந்தபோது கீழே அவனுடைய ஒரு வரி இருந்தது.

"அம்மான்ர காப்பு எங்க?"

பதில் போடாமல் விட்டால் இன்னும் பிழையாகிவிடும். காப்பு கைக்கு இறுகிப்போனதால் கழற்றி அலுமாரியில் வைத்திருக்கிறார் என்று எழுதினேன். நல்ல பொய்யாகத்தான் தெரிந்தது. மத்தியானம் அவன் பதில் வந்தது.

"அக்கா, அந்தக் கையை இன்னொருக்காப் பாருங்கோ. எலும்பு தெரியுது. அதுக்கு எப்பிடிக் காப்பு இறுகும்?"

படத்தைத் திறந்து பார்த்தேன். அவன் சொன்னது உண்மை. மணிக்கட்டு மெலிந்து, எலும்பு துருத்திக்கொண்டிருந்தது. இதே ஊரில் இருந்துகொண்டு, பக்கத்தில் நின்று படமும் எடுத்த எனக்கு அது தெரியவில்லை. படத்தை மூடுவதற்குள் அவனுடைய அடுத்த வரி வந்தது. "ரிக்கற் எடுத்திட்டன். வெள்ளிக்கிழமை கொழும்பில இறங்குவன். அம்மாவிட்டச் சொல்லாதேங்கோ."

நான் நேரே உவர்மலைக்குப் போனேன். ரீச்சர் சுளகில் அரிசி வைத்துக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன், என் பொய்யையும் சேர்த்து. சுளகைக் கீழே வைத்தார்.

"வரவேண்டாம் எண்டு எழுதும். இப்பவே போய் எழுதும். நான் போனில கதைச்சால் என்ர குரலே காட்டிக்குடுத்திடும். அம்மா செத்தாலும் வரவேண்டாமாம் எண்டு எழுதும்."

"ஓம் ரீச்சர்."

செருப்பைப் போட்டுக்கொண்டு இறங்கினேன். படலையைத் திறக்கும்போது பின்னாலிருந்து கூப்பிட்டார்.

"பிள்ளை."

திரும்பினேன். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"வெள்ளிக்கிழமை எத்தினை மணிக்கு இறங்குறானாம்? அதையும் ஒருக்காக் கேளும்."